ஐந்தரை டைல் மழை

முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இருபத்தெட்டு" என்கிறார் விசிலக்கா. பிறகுதான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வெப்பமானியை மேலே இழுக்கிறார். அது இருபத்தெட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. "பரவால்ல, முழங்கை இன்னும் வேலைக்கு ஆகுது" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, நோட்டைத் திறந்து எழுதுகிறார். மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு நீச்சல் குளத்தின் கதவு திறக்கும்.

முப்பத்தொரு வருஷமாக நடக்கிறது இந்தப் பந்தயம். ஆரம்ப வருஷங்களில் கடும் கோடையிலும் காலைத் தண்ணீர் இருபத்தேழைத் தாண்டியதில்லை. பிறகு ஒரு கோடையில் முழங்கை இருபத்தேழு என்று சொல்ல, கருவி இருபத்தொன்பது என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, சண்டை போட்டுப் புதிது வாங்க வைத்தார். புதிதும் அதையே சொன்னது. இன்னொன்று வாங்க வைத்தார். மூன்றும் ஒரே குரலில் பேசிய பிறகுதான், "சரி, தண்ணிதான் மாறியிருக்கு, நான் மாறல" என்று ஒத்துக்கொண்டு, முழங்கைக்குப் புதிதாகப் பாடம் நடத்தினார். தோற்றதைக்கூட ஜெயித்த தோரணையில் சொல்ல அவரால்தான் முடியும்.

வயது ஐம்பத்தேழு. குட்டையான, கெட்டியான உருவம். நடக்கிற வேகத்தைப் பார்த்தால் யாரோ மூழ்குகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கழிப்பறைக் குழாயை மூடத்தான் போய்க்கொண்டிருப்பார். கழுத்தில் எந்நேரமும் ஒரு சிவப்பு விசில். மகன் கல்யாணப் படங்களில் ஒன்று விடாமல் அது எட்டிப்பார்க்கிறது. தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று கேட்டால், வீட்டுக்காரர் மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார். அதற்கு மேல் அவரிடமிருந்து தகவல் எதுவும் கிடைக்காது.

விசிலுக்கு ஒரு மொழி உண்டு. சின்னதாக ஒன்று என்றால் ஓடாதே. சின்னதாக இரண்டு என்றால் குதிக்காதே. காதைப் பிளக்கிற மாதிரி ஒரே நீளமாக ஊதினால், யாரோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளத்தின் முழு நீளத்தையும் நீந்திக் கரை தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நீள விசிலைக் கேட்டால் தெருவில் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

வேலை நேரத்தில் அவர் தண்ணீரில் இறங்குவதில்லை. ஒரு நீளக் கழியை ஏந்திக்கொண்டு கரையோடு கூடவே நடப்பார். "தண்ணிய ஏன் அப்படி அடிக்கிறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?" என்பார். ஆழம் எவ்வளவு, குளிருமா, மூக்கில் ஏறுமா என்று கரையில் நின்றே கூச்சல் போடுகிறவர்களுக்கு ஒரே பதில்: "முதல்ல இறங்கி அளந்து பாருங்க. அப்புறம் அலறலாம்."

அளப்பது என்றால் அவருக்கு உயிர். குளத்தின் சுவரில் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வரிசை வரிசையாக நீல டைல்கள், ஒவ்வொன்றும் மூன்று விரல் உயரம். மழை பெய்தால் தண்ணீரில் போட்ட குளோரின் மருந்து நீர்த்துப்போகும். எவ்வளவு நீர்த்தது என்று தெரிய வேண்டுமானால் மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் வேறு யாரும் வைத்திராத ஓர் அளவை அவர் வைத்திருக்கிறார். "நேத்து முக்கால் டைல் மழை" என்பார். தொலைக்காட்சியில் மில்லிமீட்டர் என்று யாராவது சொன்னால், ஐம்பதால் வகுத்து வீட்டுக்காரரிடம் மொழிபெயர்ப்பார். முப்பத்தொரு வருஷத்து மழையும் டைல் கணக்கில் பதினாறு நோட்டுகளில் கிடக்கிறது.

இந்த அளவைக் கேட்டு முதல் நாளே மனதைப் பறிகொடுத்தவர் அவருடைய சம்பந்தி. மருமகளின் அப்பா. வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். பெருங்கடல்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கடல் எந்த வருஷம் சூடானது, எது குளிர்ந்தது, அதனால் எந்தக் கண்டத்தில் வெள்ளம், எதில் வறட்சி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரே ஒரு குறை, மனிதருக்கு நீச்சல் தெரியாது. நாலடித் தண்ணீரைக் கண்டால் எட்டடி பின்னால் போவார்.

எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். "சாப்பிட்டாச்சா?" என்றால் "சாப்பிட வாய்ப்பு இருக்கு" என்பார். பெண் பார்க்கப் போன அன்று, "உங்க பொண்ணுக்கு எங்க பையனப் பிடிச்சிருக்கா?" என்று விசிலக்கா கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்பது சதவீதம்" என்று சொன்ன ஆள். மருமகள் அறைக்குள்ளிருந்து, "நூறுப்பா, நூறு!" என்று கத்தியிராவிட்டால் கல்யாணம் இன்னும் நிலுவையில் இருந்திருக்கும்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று வருஷத்தில் மூன்று மாதம் விசிலக்கா ஒரு வகுப்பு நடத்துகிறார். இந்த வருஷம் ஏழு பேர். ஏழாவது ஆளாகச் சம்பந்தியைச் சேர்த்தது மருமகளின் சதி. முதல் இரண்டு வாரம் கைப்பிடிக் கம்பியை விட்டு அவர் நகரவில்லை. "கம்பிய விடுங்க சம்பந்தி, அது எங்கயும் ஓடிப்போகாது." "நான் விட்டா நான் போயிடுவேனே சம்பந்தியம்மா, அதுக்கு வாய்ப்பு நிறைய இருக்கு." மற்ற ஆறு பேரும் அவருக்கு 'வாய்ப்பு' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் மூன்றாவது மாதத்தில் மனிதர் பாதிக் குளம் வரை நீந்த ஆரம்பித்தார். பாதியில் ஆழம் தொடங்கும் இடத்தில் கறுப்புக் கோடு ஒன்று உண்டு. அதைக் கண்டதும் வண்டி தானாகத் திரும்பிவிடும்.

வகுப்பின் கடைசி நாளுக்கு 'கரை சேரும் நாள்' என்று பெயர். குளத்தின் முழு நீளத்தையும் தரையில் கால் படாமல் கடக்க வேண்டும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறித்திருந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கம்பியைப் பிடித்துக்கொண்டே சம்பந்தி சொன்னார்:

"சனிக்கிழமை ரொம்பக் கனமான மழைக்கு வாய்ப்பு இருக்கு, சம்பந்தியம்மா. எழுபது சதவீதம். நாலு டைலுக்கு மேல."

விசிலக்கா சட்டென்று பம்ப் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். காரணம் இருந்தது. குளத்தின் ஒரு மூலையில் தரைக்குக் கீழே பம்ப் அறை. பதினொரு படி இறங்கினால் மோட்டார்கள், வடிகட்டிகள், மின்பெட்டி, குளத்தின் உயிர் முழுக்க அங்கேதான். குளம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்தத் தண்ணீர் நேரே அந்தப் படிகளில்தான் இறங்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு அப்படி இறங்கியது. மோட்டார் எல்லாம் மூழ்கி, குளம் எட்டு மாதம் காய்ந்து கிடந்தது. அப்போதே நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டு வைத்துவிட்டது: இன்னொரு தடவை மூழ்கினால் செலவு செய்வதில்லை, குளத்தை மண் போட்டு மூடிவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்குவது என்று. கையெழுத்தான அந்தக் காகிதம் மேலாளரின் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது.

மழைக்கு முன்னால் மட்டத்தை இறக்கி வைப்பது ஒன்றே வழி. நான்கு டைல் இறக்கினால் அவ்வளவு மழைக்குக் கூடுதலாக இடம் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல். அவ்வளவு இறக்கினால் தண்ணீர் பம்பு உறிஞ்சும் வாய்க்குக் கீழே போய்விடும், வடிகட்டி ஓடாது, இரண்டு நாளில் தண்ணீர் மங்கிவிடும். திரும்ப நிரப்பக் குழாய்த் தண்ணீருக்கு இரண்டு முழு நாள் வேண்டும். மழை பெய்யாமல் ஏமாற்றினால் ஞாயிற்றுக்கிழமை கரை சேரும் நாள் கிடையாது. ஏழு பேரும் அடுத்த வருஷம்தான் மறுபடி கம்பியைப் பிடிக்க வேண்டும்.

மேலாளர் நல்ல மனிதர். இரண்டு கைப்பேசி வைத்திருப்பார், இரண்டிலும் செய்திதான் படிப்பார். எதற்கும் பதறமாட்டார். "எல்லாம் ஒரு சுத்துதான் அக்கா" என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு. வெள்ளம் வந்தாலும் சுத்து, வெயில் கொளுத்தினாலும் சுத்து. மட்டத்தை இறக்கலாமா என்று கேட்க, விசிலக்கா அவரைக் கரைக்குக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் கடல் குளுந்த வருஷம். நம்ம பக்கம் மழை கம்மியா இருக்கும்னு உங்க சம்பந்திதானே போன மாசம் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தாரு?" என்றார் மேலாளர். "சூடு வரும், குளிர் வரும். எப்பவும் சுத்துறதுதானே. இப்ப திடீர்னு கொட்டும்கிறாரு."

"மொத்த பருவத்துக்கும் கணக்குப் பார்த்தா குறையத்தான் வாய்ப்பு சார்" என்றார் சம்பந்தி, தண்ணீருக்குள் நின்றபடியே. "ஆனா ஒரே நாள்ல கொட்டாதுன்னு நான் சொல்லவே இல்லையே."

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "தண்ணிய இறக்கினா ஞாயித்துக்கிழமை பரீட்சை இல்ல. அப்படித்தானே சார்?" என்றார். மற்ற ஆறு பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சம்பந்தியின் முகம் சிவந்துபோனது. பாவம், அந்த நேரம் பார்த்து அவர் கை கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வகுப்பு முடிந்ததும் விசிலக்கா அவரைப் பம்ப் அறைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தார்கள். கையில் தேநீர்.

"என் கண்ணப் பார்த்துச் சொல்லுங்க சம்பந்தி. இது மழையா, பயமா?"

சம்பந்தி தேநீரை ஒரு வாய் குடித்தார். "ரெண்டும்தான். பயந்தும் கெடக்கறேன். மழையும் வரும். என் பயத்துக்காக மேகம் நிக்கப் போறதில்ல."

இந்தப் பதில் விசிலக்காவுக்குப் பிடித்திருந்தது. பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

"அப்ப அந்தச் சுத்துக் கதை? அது பொய்யா?"

"பொய் இல்ல. சுத்தும் நெசம். கடல் சில வருஷம் சூடேறும், சில வருஷம் குளிரும். மனுஷன் பொறக்கறதுக்கு முந்தியே இருந்த ஆட்டம் அது. அதனால ஒரு வருஷம் மழை கூடும், ஒரு வருஷம் குறையும். ஆனா அந்த ஆட்டத்துக்குக் கீழ இன்னொண்ணு நடக்குது. பூமி மொத்தமாவே சூடேறிக்கிட்டு வருது. காத்து சூடாக ஆக, அது பிடிச்சு வச்சிருக்கிற தண்ணியும் கூடுது. ஒரு டிகிரிக்கு நூத்துக்கு ஏழு பங்கு கூட. அதனால பெய்யற நாள் குறைஞ்சாக்கூட, பெய்யற அன்னிக்கு மொத்தமா கொட்டிட்டுப் போகுது. உங்க நோட்டே சொல்லுதே."

நோட்டு சொல்லத்தான் செய்தது. முதல் பத்து வருஷத்தில் இரண்டு டைலுக்கு மேல் பெய்த நாள் மூன்று. கடைசிப் பத்து வருஷத்தில் பதினொன்று. "ஒரு குளத்த வச்சு உலகத்தச் சொல்லக் கூடாதுதான்" என்று சம்பந்தி வழக்கம்போலப் பின்வாங்கினார். "ஆனா உலகம் பூரா எடுத்த கணக்கும் இந்தப் பக்கம்தான் சாயுது."

விசிலக்கா தேநீரைக் கீழே வைத்தார். விசிலை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பம்ப் ரூம் மூழ்குச்சே, அன்னிக்கு எத்தனை டைல் மழை தெரியுமா? ரெண்டு. வெறும் ரெண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த ஒம்பதாவது வருஷமும் அதே ரெண்டு டைல் பெஞ்சுது. ஒண்ணும் ஆகல. எப்பவும் நான் ரெண்டு டைல் காலியா விட்டு வச்சிருப்பேன். ஆனா அன்னிக்கு மறுநாள் நீச்சல் போட்டி. குளம் விளிம்பு வரைக்கும் நெறைஞ்சு இருந்தா அலை அடங்கும், பசங்க வேகமா போவாங்கன்னு நான்தான் நெரப்பி வச்சேன். எனக்கு ஒரே பெருமை, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மழை வந்துச்சு, வழிஞ்சுது. 'வரலாறு காணாத மழை'ன்னு எல்லாரும் பேசினாங்க. பழி மழை மேல போச்சு. நான் வாயத் தொறக்கல."

சொல்லி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. முப்பத்தொரு வருஷத்தில் நோட்டில் ஒரு பொய் எழுதியதில்லை. எழுதியதை யாருக்கும் காட்டாமல் இருந்தது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான். சம்பந்திக்கு ஆறுதல் சொல்ல வராது. தன் தேநீரில் மிச்சமிருந்ததை விசிலக்காவின் டம்ளரில் ஊற்றினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட விசிலக்கா திடீரென்று நிமிர்ந்தார். "இருங்க, இருங்க. அப்ப கடல் குதிக்கிறது எப்பவும் குதிக்கிற குதிதான். குளத்துக்குள்ள சின்னப் பிள்ளைங்க குதிக்கிற மாதிரி. முன்னாடி மட்டம் கீழ இருந்துச்சு, எவ்வளவு குதிச்சாலும் உள்ளயே அடங்கிச்சு. இப்ப நாம சூட்டால விளிம்பு வரைக்கும் நெரப்பிட்டோம். அதே குதிக்கு வெளிய கொட்டுது. அதானே?"

சம்பந்தி வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, சதவீதம் எதையும் சேர்க்காமல், "ஆமா" என்றார். வாழ்க்கையில் அவர் ஒற்றை வார்த்தையில் உறுதியாகப் பதில் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை விசிலக்கா பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். "அன்னிக்கு மூழ்கினது மழையால மட்டும் இல்ல சார். நான் நெரப்பி வச்சதும் சேர்ந்துதான். இதுக்காக என்னை வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்கங்க, திங்கக்கிழமை தூக்குங்க. இன்னிக்கு எனக்கு வால்வு திறக்கணும்."

மேலாளர் இரண்டு கைப்பேசியையும் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், "மழை வரலன்னா அந்த ஏழு பேருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். "என் ஜன்னல்ல இருந்து பார்த்தா வால்வு தெரியாது அக்கா." நல்ல மேலாளர்கள் அனுமதி கொடுப்பது இப்படித்தான்.

நான்கு டைல் தண்ணீர் பக்கத்துப் பூங்காவுக்குப் பாய்ந்தது. பம்பு நின்றது. அன்று மாலை வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் வேலியோரம் வந்து குளத்தையும் வானத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். விசிலக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மழை வரணும்னு வேண்டிக்கவா, வரக் கூடாதுன்னு வேண்டிக்கவா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "சும்மா இருங்க, அது போதும்" என்றார் விசிலக்கா.

சனிக்கிழமை விடிந்து ஏழு மணிக்கு முதல் துளி விழுந்தது. எட்டு மணிக்கு எதிர்ச்சுவர் தெரியவில்லை. உடை மாற்றும் அறையின் வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு விசிலக்கா உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு, குடை திரும்பிப்போய் அதன் கம்பிகள் வானத்தைக் காட்ட, சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார் சம்பந்தி.

"உங்கள யாரு வரச் சொன்னா?"

"எழுபது சதவீதம்னு சொன்னது நான். பக்கத்துல இருந்து பார்க்க வேண்டாமா?"

இருவரும் டைல்களை எண்ணினார்கள். பத்தரைக்கு ஒன்று முங்கியது. பன்னிரண்டுக்கு மூன்றாவது. அரைமணிக்கொரு தடவை மேலாளர் போன் செய்து, "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் டைல் மொழி வந்துவிட்டது. நாலாவது டைல் முங்கி, தண்ணீர் உறிஞ்சும் வாயைத் தொட்டபோது விசிலக்கா படியிறங்கிப் போய் மோட்டாரைப் போட்டார். வடிகட்டி முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டு எந்த மனிதருக்கும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. ஆனால் மழை நிற்கவில்லை. ஐந்தாவது டைலும் போனது. விளிம்புக்குக் கீழே எப்போதும் காலியாக விடும் இரண்டில் ஒன்றே ஒன்று மிச்சம். சம்பந்தியின் கை பெஞ்சின் ஓரத்தைக் கம்பியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தது. விசிலக்கா பக்கவாட்டில் பார்த்தார். தன் கையும் அப்படியேதான் பிடித்திருந்தது.

நாலு மணிக்குச் சத்தம் குறைந்தது. நாலரைக்குத் தூறல். பிறகு அதுவும் இல்லை. விசிலக்கா குளத்தோரம் மண்டியிட்டு, விரலை வைத்து அளந்தார்.

"அரை டைல் மிச்சம்!" என்று கத்தினார். "அஞ்சரை டைல் மழை, சம்பந்தி! அஞ்சரை!" பதினாறு நோட்டிலும் அப்படியொரு எண் இல்லை. படிக்கட்டில் இறங்கிப் பார்த்தார்கள். பதினோராவது படி காய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்கள். நாலு டைல் இறக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று போனில் சொன்னதும், மேலாளர் டைல் கணக்கை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "இது சுத்து மட்டும் இல்லை போல இருக்கே அக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முழங்கை "இருபத்தஞ்சு" என்றது; வெப்பமானியும் அதையே சொன்னது. இரவெல்லாம் வடிகட்டி ஓடி, மருந்தும் சேர்ந்து, தண்ணீர் தெளிந்து, விளிம்புக்கு ஒன்றரை விரல் கீழே தளதளவென்று நின்றது. ஆறு பேர் வரிசையாக நீந்தினார்கள். ஆறு நீள விசில். தெருவில் ஆட்கள் நின்றார்கள். மேலாளர் தன் மேசை இழுப்பறையில் இருந்த அந்தத் தீர்மானக் காகிதத்தில் குழந்தைகளுக்குக் கப்பல் செய்துகொண்டிருந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அது வேறு காகிதமாகவும் இருக்கலாம்.

ஏழாவதாகச் சம்பந்தி இறங்கினார். குளம் எப்போதையும்விட ஆழமாக இருந்தது. அவரே வரவழைத்த ஆழம் என்று ஆறு பேரும் கிண்டல் செய்தார்கள். கம்பியை விட்டார். கறுப்புக் கோடு வரை வந்தார். அங்கே ஒரு நொடி தடுமாறினார். விசிலக்கா கழியை நீட்டவில்லை. "திரும்பவும் வாய்ப்பு இருக்கு, போகவும் வாய்ப்பு இருக்கு சம்பந்தி!" என்று மட்டும் கத்தினார். தண்ணீருக்குள்ளேயே அவர் சிரித்தது தெரிந்தது. சிரித்ததில் ஒரு மிடறு குடித்தார், இருமினார், கையை வீசினார். கோடு பின்னால் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தாறுமாறாக அடித்து, குளத்தின் குறுக்கே கொஞ்ச தூரம் போய், வழி திரும்பி, கடைசியில் தலை சுவரில் மோதித்தான் கரை சேர்ந்தார்.

அந்த நீள விசில் மூச்சு தீரும்வரை நின்றது. மருமகள் கரையில் அழுதுகொண்டே கைதட்டினாள். சம்பந்தி ஏணியில் ஏறி வந்தார், நெற்றியில் ஒரு வீக்கத்தோடு, வாயெல்லாம் பல்லாக. எல்லோரும் துண்டை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. இரண்டடி பின்னால் போனார். அறுபத்துமூன்று வயது மனிதர், முப்பத்தாறு வருஷம் கடல்களை எண்களாக மட்டுமே பார்த்தவர், முழங்காலைக் கட்டிக்கொண்டு தொபுக்கடீர் என்று குதித்தார்.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. தரையில் பரவி, பம்ப் அறைப் படிக்கட்டைப் பார்த்து ஓடியது. விசிலக்கா ஓடினார். 'குதிக்காதே' என்ற இரண்டு சின்ன விசிலுக்காக விசில் உதட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முதல் படியின் விளிம்பில் வலது பாதத்தைக் குறுக்கே வைத்துத் தண்ணீரை அணைகட்டி நிறுத்திக்கொண்டு, சம்பந்தியைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தினார்: இன்னும் ஒரே ஒரு தடவை.